கருவி ஜோசியம் சொல்லும் கனவான்களே, ஒரு நிமிஷம்!

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்ததை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. பதிவு கொஞ்சம் நீளம். காபி கலந்துட்டு வந்து உக்காருங்க.

நங்கநல்லூர் சுதந்திர தினப் பூங்காவில் சாயங்காலம் நடக்கறது வழக்கம். நடக்கறதைவிடப் பேசறதுதான் அதிகம். எங்க கோஷ்டியில் பாதிக்குமேல பொட்டி தட்டறவங்க. ஒருத்தர் மெயின்ஃப்ரேம் காலத்து மனுஷர், ரிட்டயர் ஆகியாச்சு. ஒருத்தர் கிண்டியில் டேட்டாபேஸைக் கட்டிக்கிட்டு அழறவர். கூட வர்றவன் என் அண்ணன் பையன், சோழிங்கநல்லூர் பக்கம் மூணு வருஷமா வேலை. அன்னிக்கு அவன்தான் ஆரம்பிச்சான்.

"என்ன சித்தப்பா, இன்னும் நீங்க கையால கோட் அடிக்கறீங்களாமே? அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் யாரும் ஒரு வரி எழுத வேண்டாம்."

மெயின்ஃப்ரேம் மாமா சிரிச்சார். "டேய், இதையே 1985ல எனக்குச் சொன்னாங்கடா. இதெல்லாம் சும்மா ஃபேன்ஸி டிரஸ். ஆறு மாசத்துல அடங்கிடும்."

அவ்ளோதான். ஒரு பக்கம் "எல்லாம் முடிஞ்சது" கட்சி, இன்னொரு பக்கம் "எல்லாம் மொக்கை" கட்சி. இருட்டற வரைக்கும் கும்மி. தலைக்கு மேல மீனம்பாக்கத்தில் இறங்கற விமானம் நாலஞ்சு போச்சு, அதுகூட யார் காதிலும் விழலை. நான் ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடலை. போட மாட்டேன். ஏன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஜோசியத்தைப் பார்ப்போம். நான் 1999ல வேலைக்குச் சேர்ந்தபோது ஒய்2கே காலம். கோபால் தெரிஞ்சா போதும், ஃபிளைட் ஏத்தி விடுவாங்க. அப்பவே ஒரு சீனியர் சொன்னார், "2000 பொறந்ததும் கோபாலுக்குக் கருமாதி." கோபால் 1959ல உருவான மொழி. மேனேஜர்கூடப் படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி இங்கிலீஷ் வாக்கியம் போல இருக்கணும்னுதான் அதை அப்படி வடிவமைச்சாங்க. அதாவது "இனிமே புரோகிராமர் எதுக்கு" என்கிற ஜோசியத்துக்கு அறுபது வயசு தாண்டியாச்சு! 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரத்துல, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி கவர்னர் "கோபால் தெரிஞ்சவங்க யாராவது உதவிக்கு வாங்க"ன்னு கூப்பிட்டார். செத்த மொழிக்கு ஆள் தேடினார் பாவம்.

இன்னொரு பக்கம், சாகவே சாகாதுன்னு சொன்னதெல்லாம் என்னாச்சு? ஃபிளாஷ்தான் எதிர்காலம்னு காசு கட்டிப் படிச்சவங்க நம்ம தி.நகர்ல எத்தனை பேர்? 2020 டிசம்பர் 31ல அடோபி அதுக்கு மூடுவிழா நடத்தியாச்சு. சில்வர்லைட் 2021 அக்டோபர்ல போச்சு. 2021 அக்டோபர்லயே ஃபேஸ்புக் தன் பேரை மெட்டான்னு மாத்திக்கிட்டு எல்லாரையும் மாய உலகத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டது. யாராவது அங்க வீடு கட்டிக் குடியேறினீங்களா?

சரி, இப்போதைய ஜோசியம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வருஷா வருஷம் டெவலப்பர்கள்கிட்ட கருத்து கேக்கும். 2025 கணக்குப்படி ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தறவங்க, பயன்படுத்தப் போறவங்க 84 சதவீதம். அதே கணக்கில், அது தர்ற பதிலின் துல்லியத்தை நம்பாதவங்க 46 சதவீதம், நம்பறவங்க 33 சதவீதம். அதாவது சாப்பாடு சரியில்லைன்னு சொல்லிக்கிட்டே தினமும் அதே மெஸ்ஸில் சாப்பிடறோம்.

இன்னொண்ணு இன்னும் சுவாரஸ்யம். மீட்டர் என்று ஒரு ஆய்வு அமைப்பு (நம்ம ஆட்டோவில் போடாத மீட்டர் இல்லை, இது வேற) 2025 ஜூலையில் ஒரு ஆய்வு வெளியிட்டது. அனுபவம் வாய்ந்த 16 ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க, 246 வேலைகள், அவங்களுக்கு நல்லாப் பழக்கமான கோட். ஏ.ஐ.யோட செஞ்சப்போ 19 சதவீதம் நேரம் அதிகம் ஆச்சு. ஆனா வேலை முடிஞ்சப்புறம் கேட்டா, "20 சதவீதம் சீக்கிரமா முடிச்சோம்"னு சொன்னாங்க. 16 பேரை வெச்சு உலகத்தையே எடை போட முடியாதுதான். அந்தக் கருவிகளும் அதுக்கப்புறம் மாறிக்கிட்டேதான் இருக்கு. ஆனா என் பாயிண்ட் வேற. தன் கையால செஞ்ச வேலை சீக்கிரம் முடிஞ்சதா, லேட்டாச்சான்னே சரியாச் சொல்ல முடியாத நாம, பத்து வருஷம் கழிச்சு என்ன நடக்கும்னு பூங்கா பெஞ்சில உக்காந்து அடிச்சுச் சொல்றோமே, எந்தத் தைரியத்துல?

சிரிச்சுட்டுப் போக முடியாத விஷயமும் இருக்கு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை, மொத்த ஆட்களில் 2 சதவீதம் பேரை, குறைக்கப்போறதா அறிவிச்சப்போ எங்க தெருவில எத்தனை வீட்டில அன்னிக்குச் சாப்பாடு இறங்கியிருக்காதுன்னு எனக்குத் தெரியும். அந்த நிறுவனம் இது ஏ.ஐ.யால இல்லைன்னுதான் சொன்னது. ஆனா இ.எம்.ஐ. கட்டறவனுக்குக் காரணமா முக்கியம்? அண்ணன் பையன் "எல்லாம் முடிஞ்சது"ன்னு கத்தறதுக்குப் பின்னாடி இருக்கறது கர்வம் இல்லை, பயம். மெயின்ஃப்ரேம் மாமா "மொக்கை"ன்னு சிரிக்கறதுக்குப் பின்னாடியும் ஒரு வகைப் பயம்தான். ரெண்டு பேரையும் நான் கிண்டல் பண்ணலை. ரெண்டு பேரும் தப்பான கேள்வியைக் கேக்கறாங்கன்னு சொல்றேன்.

எது சரியான கேள்வி? இங்கதான் நம்ம வலையுலகத்துக்கு வரேன். மத்தவங்களைவிட நமக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா கருவிச் சண்டையில பொறந்தவங்கய்யா நாம!

ஞாபகம் இருக்கா? ஒரு காலத்துல தினசரிக்கு ஒரு எழுத்துரு, வார இதழுக்கு ஒரு எழுத்துரு. எதையாவது படிக்கணும்னா முதல்ல ஃபாண்ட் இறக்கணும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப்னு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதில்தான் வந்தது. இன்னொரு பக்கம் மின்மடல் குழுவில் உலகம் பூராவும் இருந்த தமிழர்கள் சண்டை போட்டுக்கிட்டே உருவாக்கின டிஸ்கி (பதிவின் அடியில் போடற டிஸ்கி இல்லை, இது எழுத்துக் குறியீடு). நடுவில யூனிகோட். 1991ல வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு, ஆனா விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோட வர்ற வரைக்கும் நம்ம யாருக்கும் அது உதவலை. 98 வெச்சிருந்தவன் கதியைக் கேக்கவே வேண்டாம்.

அப்போ ஒவ்வொருத்தனும் ஒரு ஜோசியர். "டிஸ்கிதான் நிக்கும்." "அரசாங்கம் டாப் சொல்லிடுச்சு, அதுதான்." "யூனிகோட் தமிழுக்குச் செஞ்ச துரோகம், 247 எழுத்துக்கு 128 இடம்தானா?" 2010 ஜூன்ல, கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமா அறிவிச்சது. டேஸ்16 கட்சிக்காரங்க சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருந்ததுன்னு இன்னிக்கு நான் ஒத்துக்கறேன். கணக்குப் போட்டுப் பாருங்க. நங்கநல்லூர்னு தமிழில் எழுதினா கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோட்ல 11 குறி. யூ.டி.எஃப்-8ல ஒரு குறிக்கு 3 பைட், ஆக 33 பைட். இங்கிலீஷில் எழுதினா 11 எழுத்து, 11 பைட். மூணு மடங்கு!

ஆனாலும் ஜெயிச்சது யூனிகோட். அது அழகா இருந்ததால இல்லை. ஒரே கோப்பை உலகத்துல எந்தப் பொட்டியில் திறந்தாலும் அதே எழுத்து தெரிஞ்சதால. அதை நம்ம வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெரிய கம்பெனிகள் மட்டும் இல்லை. எ-கலப்பை கொடுத்த முகுந்த், அழகி கொடுத்த விஸ்வநாதன், 1980களிலேயே முரசு அஞ்சல் ஆரம்பிச்ச முத்து நெடுமாறன், தேனீ எழுத்துரு கொடுத்த அதிராம்பட்டினம் உமர்தம்பி (2006லயே போயிட்டார்), பொங்குதமிழ் மாற்றி எழுதின சுரதா, என்.ஹெச்.எம். ரைட்டர் கொடுத்தவங்க, 2004ல தமிழ்மணத்தைத் தொடங்கின காசி. இவங்க தயவில்லாம இந்தப் பதிவும் இல்லை, உங்க பின்னூட்டமும் இல்லை. இவங்க யாரும் "அடுத்த டிரெண்ட் என்ன"ன்னு கேக்கலை. "இன்னிக்கு என் அம்மாவுக்குத் தமிழ்ல மடல் எப்படி அனுப்பறது"ன்னு கேட்டாங்க.

இப்போ சொந்தக் கதை. சோகக் கதையும்தான்.

எங்க அப்பா 2002ல ரிட்டயர் ஆனார். வீட்டில ரிச்சி தெருவில் பாகம் பாகமா வாங்கி அசெம்பிள் பண்ணின விண்டோஸ் 98 பொட்டி. ஒரு தமிழ்ச் செயலி, பின்னாடி ஒரு டாங்கிள் செருகினாதான் திறக்கும். அதுல அப்பா ரெண்டு விரலால தட்டித் தட்டி ஒன்றரை வருஷம் எழுதினார். எழுபதுகளில் நங்கநல்லூருக்குக் குடிவந்தது, மழை பெஞ்சா பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்குச் செருப்பைக் கையில எடுத்துட்டு நடந்தது, கொல்லைப்பக்கம் தோண்டின கெணறு, பாட்டி, அத்தைகள், கடன், சண்டை, எல்லாம். சுமார் 140 பக்கம். அச்சு எடுத்தது முதல் இருபது பக்கம் மட்டும். 2011ல அப்பா போயிட்டார். டாங்கிள் எங்கயோ போச்சு. அந்தச் செயலி விண்டோஸ் எக்ஸ்பியோட நின்னுபோச்சு, போட்ட கம்பெனியும் இல்லை. சிடி மட்டும் இருக்கு. திறந்தா ஒரே பூச்சி பூச்சியா எழுத்து.

இதுல பெரிய வெட்கம் என்னன்னா, அதே 2003-2004ல நான் மடற்குழுவில எந்தக் குறியீடு சிறந்ததுன்னு பக்கம் பக்கமா சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். அடுத்த ரூம்ல அப்பா எந்தக் குறியீட்டுல தட்டறார்னு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கலை. அந்தச் சண்டையாவது மிச்சமா? யாஹூ குழுமத்துப் பழைய மடல்களை 2019 கடைசியில நீக்கறோம்னு அறிவிச்சு, 2020 டிசம்பர் 15ல கடையையே மூடிட்டாங்க. மரத்தடி, ராயர் காப்பி கிளப்னு எங்க எல்லாம் கூடிப் பேசினோமோ, அதெல்லாம் யாஹூ வீட்டுத் திண்ணைதானே? எடுத்து வெச்சவங்க புண்ணியவான்கள். ஜியோசிட்டீஸ் பக்கங்கள் அதுக்கும் முன்னாடி, 2009லயே போச்சு.

ஞாயித்துக்கிழமை கும்மி முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பையன்கிட்ட சிடியைக் கொடுத்தேன். "உன் ஏ.ஐ. பெரிய கில்லாடின்னியே, தாத்தா எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லு பார்க்கலாம்."

ஒத்துக்கணும். அசந்துட்டேன். பழைய பேக்கப்பில் கிடைச்ச ஃபாண்ட் ஃபைலையும் அச்சடிச்ச இருபது பக்கத்தையும் கொடுத்ததும், எந்தக் குறிக்கு எந்த எழுத்துன்னு அட்டவணை போட்டு ஒரு மாற்றி எழுதிக் கொடுத்துடுச்சு. ராத்திரி பத்து மணிக்குள்ள 140 பக்கமும் யூனிகோட்ல. நானா செஞ்சிருந்தா ரெண்டு மாசம். மெயின்ஃப்ரேம் மாமா, சாரி, இது மொக்கை இல்லை.

ஆனா படிக்க ஆரம்பிச்சேன். "காலைல கௌம்பினேன்"னு இருந்தது. என்னடா இது? பழைய எழுத்துரு தெரிஞ்சவங்களுக்கு உடனே புரியும். அதில கொம்பு முன்னாடி வரும், ஔகாரத்தோட பின்பாதியும் ள-வும் ஒரே குறி. அதனால கெளம்பினேன் எது, கௌரவம் எதுன்னு குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய இணையப் பக்கங்களில் வெளியீடு வௌியீடுன்னு கொத்துபரோட்டா ஆனதெல்லாம் இந்தக் கேஸ்தான்.

"ஒரு நிமிஷம் சித்தப்பா"ன்னு பையன், பிழை எல்லாம் திருத்துன்னு ஒரு வரி அடிச்சான். திருத்திடுச்சு. இப்போ "கிளம்பினேன்". பார்க்க சுத்தமா இருக்கு. பையன் முகத்துல வெற்றிச் சிரிப்பு. நான் அடுத்த பக்கம் போனேன். கொல்லைப்பக்கக் கெணறு எல்லா இடத்திலும் "கிணறு" ஆயிருந்தது. "ரயிலடி" இருந்த இடத்துல "ரயில் நிலையம்". பாட்டி அத்தையைத் திட்டற ஒரு வசவு, நாகரிகமா மாறியிருந்தது. கேக்காமலேயே!

எங்க அப்பா ஜென்மத்துல கிணறுன்னு சொன்னதில்லை மக்களே. கெணறுதான். அச்சடிச்ச இருபது பக்கம் கையில இல்லேன்னா, அப்பா குரல் தெரிஞ்ச நான் பக்கத்துல இல்லேன்னா, அந்தச் சுத்தமான தமிழ்தான் எங்க அப்பா எழுதினதுன்னு என் பேரன் நம்பியிருப்பான். பூச்சி பூச்சியா தெரிஞ்ச கோப்பு அழிஞ்சுபோச்சுன்னாவது நமக்குத் தெரியும். அழகா மாறிப்போனது மாறிடுச்சுன்னே தெரியாது. எனக்கு அதுதான் பயம்.

இப்போ சொல்றேன், சரியான கேள்வி என்னன்னு. "எந்தக் கருவி ஜெயிக்கும்?" இல்லை. "இந்தக் கருவி நாளைக்குச் செத்தா, இல்லை மாறினா, என்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்? அது செஞ்சது சரியான்னு பார்க்க ஆள் யார் இருப்பாங்க?" பூங்காவில ரெண்டு கட்சியும் இதைக் கேக்கலை. எந்த டெக் மாநாட்டு மேடையிலும் இதைக் கேட்டு நான் பார்க்கலை.

ரெண்டாவது பாதி முக்கியம். பிரெஷர்ஸ் எடுக்கறதை நிறுத்திடலாம், சின்ன வேலையெல்லாம் ஏ.ஐ. செஞ்சுடும்கறாங்க சில மேதாவிகள். எனக்கு அந்தக் கௌ-கெள சிக்கல் எப்படித் தெரிஞ்சது? இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி அந்தச் சின்ன வேலையைக் கையால செஞ்சு, தப்பு பண்ணி, நாலு பேர்கிட்ட திட்டு வாங்கினதால. இன்னிக்குப் பையனுக்கு அந்தத் திட்டு கிடைக்கலேன்னா, பத்து வருஷம் கழிச்சு தப்பைக் கண்டுபிடிக்க ஆள் எங்கேருந்து வரும்? சொந்த செலவில் சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான்.

தமிழுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. இந்த ஏ.ஐ. எல்லாம் எழுத்தை டோக்கன்னு துண்டு துண்டா வெட்டித்தான் படிக்கும், துண்டுக்கு இவ்வளவுன்னு காசு. 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ வந்தப்போ ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமே ஒரு எடுத்துக்காட்டு போட்டது. ஒரே சின்னச் சேதி, பழைய முறையில் இங்கிலீஷுக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புது முறையில் இங்கிலீஷுக்கு 24, தமிழுக்கு 35. நல்லதுதான், சந்தோஷம். ஆனா கவனிங்க. அவங்க நினைச்சப்போ குறைஞ்சது. அதுவரைக்கும் நாலு மடங்குக்குமேல நாம கொடுத்துக்கிட்டிருந்தோம், அதைப் பத்தி ஒரு வாக்கெடுப்புகூட நம்மகிட்ட நடக்கலை. யூனிகோட் சண்டையிலாவது போய்ச் சண்டை போட ஒரு இடம் இருந்தது. இங்க அந்த இடமே இல்லை.

அதுக்காகக் கருவியைத் தூக்கிப் போடுன்னு சொல்லலை. நானே நாளைக்கும் பயன்படுத்துவேன். செய்யச் சொல்றது நாலே விஷயம்:

1. எதையும் கருவிக்குள்ள மட்டும் வைக்காதீங்க. வெறும் யூனிகோட் உரையா ஒரு பிரதி உங்க வீட்டு டிஸ்க்கில இருக்கட்டும். பிளாக்கரும் ஒரு நாள் மூடலாம், சொல்லிட்டேன்.

2. மூலத்தை அழிக்காதீங்க. மாற்றினது தனி, மூலம் தனி. மாற்றின நிரலையும் சேர்த்து வைங்க. மதுரைத் திட்டம் 1998ல தொடங்கி டிஸ்கியில போட்ட நூல்கள் இன்னிக்கு யூனிகோட்ல கிடைக்குதுன்னா, அந்தக் குறியீடு எல்லாருக்கும் தெரிஞ்ச திறந்த குறியீடா இருந்ததால. அப்பாவோட செயலி மூடின பெட்டி. அவ்ளோதான் வித்தியாசம்.

3. மாற்றச் சொன்னா மாற்ற மட்டும் சொல்லுங்க, "திருத்து"ன்னு சொல்லாதீங்க. சொன்னப்புறம் வரி வரியா பாருங்க.

4. தமிழில் திறந்த உரை, திறந்த நிரல் செய்யறவங்க பக்கம் ஒரு மணி நேரமாவது நில்லுங்க. விக்கிப்பீடியா இருக்கு, கணியம் இருக்கு. நாளைக்கு நமக்குன்னு ஒரு கருவி செய்யணும்னா அரிசி நம்ம வீட்டுல இருக்கணும்.

பையன் இப்போ தினம் ராத்திரி வர்றான். மாற்றியை முதலேருந்து அவனே எழுதறான், ஏ.ஐ.யைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. சந்தேகமான இடத்துல திருத்தாம ஒரு கேள்விக்குறி போட்டு நிறுத்தற மாதிரி. கேள்விக்குறி வந்தா நான் படிச்சுச் சொல்றேன். நேத்து வரைக்கும் 31 பக்கம் ஆச்சு. "தாத்தா இவ்ளோ கோவக்காரரா சித்தப்பா?"ன்னு கேட்டான். பக்கம் 40 வரட்டும் டா, உங்கப்பன் அடி வாங்கின கதை இருக்குன்னேன்.

உங்க வீட்டுப் பரண்ல, பழைய சிடியில, ஃபிளாப்பியில யாராவது எழுதி வெச்சது இருந்தா இந்த வாரமே எடுத்துப் பாருங்க. எந்தச் செயலி, எந்த எழுத்துருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தெரிஞ்சவங்க கை கொடுப்போம். முன்னாடி கொடுத்தோமில்ல?

டிஸ்கி 1: மெயின்ஃப்ரேம் மாமா இதைப் படிச்சுட்டு "என்னைக் கிழவன்னு எழுதிட்டியே"ன்னார். எழுதலை சார், திரும்பப் படிங்க.

டிஸ்கி 2: உள்குத்து, நுண்ணரசியல் எதுவும் இல்லை. எல்லாம் வெளிக்குத்துதான். "வௌிக்குத்து"ன்னு தெரிஞ்சா உங்க எழுத்துருவை மாத்துங்க!